கடைசியாரின் முதுகு

“ஓட்டக்காரங்க யாரும் என் முதுகைப் பார்த்ததில்ல. இனிமேலும் பார்க்கப்போறதில்ல.”

அவித்த உருளைக்கிழங்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மலையோட்டச் சங்கத்தின் ஆண்டு விருந்தில் அவர் இப்படிச் சொன்னபோது, புதிதாகச் சேர்ந்திருந்த நாலைந்து பேர் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். இப்பேர்ப்பட்ட வீரரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உப்பைக் கேட்டு வாங்கினோமே என்ற கூச்சம் அவர்களுக்கு. பழைய ஆட்கள் அசையவில்லை. வருடா வருடம் கேட்கிற வசனம், கிழங்குதான் புதிது.

நிதானமாக யோசித்தால் விஷயம் விளங்கும். ஓட்டத்தில் முதலாவதாகப் போகிறவருக்கு முகமே கிடையாது. அவர் உலகத்துக்குக் காட்டுவதெல்லாம் முதுகுதான். அந்த முதுகை இரண்டாமவர் பார்க்கிறார், இரண்டாமவர் முதுகை மூன்றாமவர் பார்க்கிறார். முன்னூறு பேர் ஓடினால் முன்னூறு முதுகுக்கும் பின்னால் ஒரு ஜோடிக் கண்கள் வந்துகொண்டிருக்கின்றன. யார் கண்ணிலும் படாத முதுகு ஒன்றே ஒன்று. அது, எல்லோருக்கும் பின்னால் கடைசியாக வர வேண்டும் என்று சங்கமே நியமித்திருக்கும் ஆளுடையது. தோற்றுப்போய்க் கடைசியாக வருகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. இவர் பதவிக் கடைசி. பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பதவியை வேறு யாரும் கேட்கவில்லை. சங்கத்தார் மரியாதையாக ஒரு ‘ஆர்’ சேர்த்துக் கடைசியார் என்று கூப்பிட்டார்கள்.

வேலை இதுதான். வழி தெரிவதற்காக மரத்துக்கு மரம் சிவப்பு நாடா கட்டியிருப்பார்கள். ஆகக் கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் நடந்தபடி கடைசியார் அதை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வர வேண்டும். அவர் யாரைத் தாண்டிவிடுகிறாரோ அவருக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது என்று பொருள். அவர் கடந்த பிறகு மலையில் வழி என்று ஒன்று இருக்காது. வெறும் மலைதான் இருக்கும்.

இதற்காக அவருக்கு ஒரு ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை கொடுத்திருந்தார்கள். சங்கச் செயலாளர் தொழிலில் பெயர்ப்பலகை எழுதுகிறவர். வெற்றுத் துணியைக் கண்டால் கை அரிக்கும். சட்டையின் முதுகில், சாண் உயரத்துக்குக் கறுப்பு எழுத்தில், ‘இவருக்குப் பின்னால் யாரும் இல்லை’ என்று எழுதிவிட்டார். யாரும் இல்லையென்றால் அதை யார் படிப்பது என்ற கேள்வி சங்கத்தின் எந்தக் கூட்டத்திலும் எழவில்லை. எழுத்து மங்கியபோது இரண்டு முறை புதுப்பித்தும் கொடுத்தார்கள். முதுகுக்குப் பின்னால் பேச ஆள் இல்லாத ஒரே மனிதர் என்ற பெருமையும் அந்த வகையில் அவரைச் சேர்ந்தது.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். மக்கள் நினைப்பதுபோல அது லிஃப்டில் போகிற வேலை இல்லை. ஓடுகிற லிஃப்டுக்கு மெக்கானிக்கை யாரும் கூப்பிடுவதில்லை. நின்றுபோனதற்குத்தான் கூப்பிடுவார்கள், மோட்டார் அறையோ மொட்டைமாடியில் இருக்கும். ஆகவே ஒன்பது கிலோ கருவிப் பையோடு பன்னிரண்டு மாடி ஏறி, பழுது பார்த்து, சரியாகிவிட்டதா என்று ஒவ்வொரு மாடிக் கதவையும் பரிசோதித்தபடி பன்னிரண்டு மாடி இறங்குவார். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எந்த மலைக்கும் வெட்கமாக இருக்கும்.

மோட்டார் அறைகளில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்ததும் தரையிலுள்ள சிறு திறப்பு வழியாகக் கீழே பார்ப்பார். இருட்டுக் குழாய்க்குள் கம்பிகள் மினுங்கிக்கொண்டு இறங்கிப் போகும். அடியில் எங்கோ ஒரு கதவு திறக்கும், ஒரு துண்டு வெளிச்சம் விழும், யாரோ இருமுவார்கள், மறுபடி மூடும். கட்டடம் மூச்சு விடுவதாக அவருக்குத் தோன்றும். பார்த்துக்கொண்டே இருப்பார். வேலை நேரத்தில் அரைமணி இப்படிக் கனவில் கழிவதை அவருடைய மேலதிகாரி ‘எண்ணெய் இறங்க விடுதல்’ என்று அறிக்கையில் எழுதிக்கொடுத்து வந்தார். நல்ல மனிதர்.

அவருடைய வீடு ஆறாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு ஒரு சுபாவம். மோட்டார் சோர்ந்துபோனதால் ஆட்களைச் சுமந்து மேலே ஏறாது. இரண்டாவது மாடியிலேயே பெருமூச்சு விட்டு நின்றுவிடும். காலியாக மட்டும் ஏறும், ஆட்களோடு சமர்த்தாக இறங்கும். மறுபக்கம் தொங்குகிற எடைக்கல்லின் புண்ணியம் அது. மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்திலேயே இந்த லட்சணமா என்று கேட்காதவர் இல்லை. “அது வேற கம்பெனி பராமரிப்பு” என்பார் கடைசியார். வைத்தியர் இன்னொரு வைத்தியரின் நோயாளியைத் தொடக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே அந்தக் கட்டடத்து மக்கள் பதினாறு ஆண்டுகளாக நடந்து ஏறினார்கள், லிஃப்டில் இறங்கினார்கள். இந்தச் செய்தி சாதாரணமாகத் தோன்றலாம். பின்னால் ஒரு பல்கலைக்கழகத்தையே குழப்பப்போகிற செய்தி இது.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கை அளந்து, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து, “இப்ப தலையை ஆட்டுங்க” என்று சொல்வார். அவரும் கனத்த கண்ணாடிதான். கழற்றினால் எதிரில் இருப்பது கணவரா கதவா என்பது குரல் வந்தால்தான் தெரியும். ஓட்டம் நடக்கும் நாளன்று முடிவுக்கோட்டில், இரண்டு கம்பம் நட்டுக் கட்டிய வளைவுக்குப் பக்கத்தில், ஃப்ளாஸ்க் காபியோடு உட்கார்ந்திருப்பார். மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் ஆள் வந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இவருடைய ஆள் வருவதற்குள் காபியும் ஆறி, வெயிலும் ஆறிவிடும். “எல்லாப் பொண்டாட்டியும் புருஷன் எத்தனாவது வர்றான்னு எண்ணுவாங்க. எனக்கு அந்தத் தொல்லை இல்ல” என்று சொல்லிக்கொள்வார்.

ஓட்டக்காரர்களில் மூன்று தரம் உண்டு. முதல் தரத்தார் ஆட்டுக்கிடா மாதிரி இருப்பார்கள். பேச மாட்டார்கள், பாறைக்குப் பாறை தாவிப் போய்விடுவார்கள், எட்டு மணிக்கு எழுந்து பார்த்தால் பாதி மலைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். கடைசித் தரத்தார் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டும், படம் எடுத்துக்கொண்டும், எதற்காக வந்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டும் வருவார்கள். இந்த இரண்டு தரத்தாரும் சந்தோஷமானவர்கள். நடுத் தரத்தார்தான் பாவம். உலகத்திலுள்ள கைக்கடிகாரங்கள், அட்டவணைகள், கால்வலித் தைலங்கள் எல்லாம் அவர்களை நம்பித்தான் தயாராகின்றன.

கடைசியாரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அப்படியொரு நடுத் தரத்தார். மருந்துக்கடையில் வேலை. காலையில் எழுந்ததும் நாடி பார்த்து அக்காவுக்குப் போன் செய்வான்.

“அக்கா, இன்னிக்கு நாப்பத்தெட்டு.”

“வயசாடா?”

“நாடிக்கா. படுக்கையில. குறைய குறைய நல்லது.”

“ரொம்பக் குறைச்சுடாதடா. அப்புறம் போன் பண்ண மாட்ட.”

பதினோரு ஆண்டுகளாக அவன் நூற்றுப் பதினெட்டுக்கும் நூற்று இருபத்து நாலுக்கும் இடையில் ஏதாவதொரு இடத்தில் வந்துகொண்டிருந்தான். கடைசியாரிடம் அவனுக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையில் கொஞ்சம் இரக்கம் கலந்திருந்தது.

ஒருநாள் அவன்தான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தான். பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியை, மூன்று தரத்து மலையோட்டக்காரர்களின் உடம்பும் எதில் வேறுபடுகிறது என்று ஆராய்கிறார். தரத்துக்குப் பத்து ஆண், பத்துப் பெண். கடைசித் தரத்தில் ஆள் போதவில்லை. அவர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

“மாமா, நீங்க வாங்க. உங்களை வெச்சுத்தான் கடைசித் தரத்தோட அடிமட்டத்தைக் கண்டுபிடிக்கணும்.”

“வர்றேன் மச்சான். அடிமட்டம்னா எனக்குப் பழக்கந்தான். லிஃப்ட் குழியிலயே கால்வாசி நாள் போகுது.”

மனைவியும் ஃப்ளாஸ்கோடு கூடப் போனார், பழக்கதோஷம்.

ஆய்வுக்கூடம் நூலகத்துக்கு அடியில் ஒரு நீண்ட அறை. நடுவில் ட்ரெட்மில். பக்கத்தில் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். குழாயின் முனையில் ஒரு முகமூடி. இடுக்கியால் வயிற்றுச் சதையைக் கிள்ளிக் கொழுப்பை அளந்தார்கள். குதிக்கச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் நுனிவிரலால் எழும்பச் சொன்னார்கள். காது மடலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். முகமூடியை மாட்டி, மேடேற்றி, வேகம் கூட்டி, இனி முடியாது என்று கைகாட்டுகிற வரைக்கும் ஓடவிட்டார்கள்.

மச்சினன் நிஜமாகவே கண் பிதுங்க ஓடினான். பேராசிரியை எண்ணைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். “நல்ல நுரையீரல். ஒரு நிமிஷத்துல நீங்க உறிஞ்சற ஆக்சிஜன், முதல் தரத்துக்காரங்களுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு.”

“அப்ப நான் ஏன் மேடம் நூத்தி இருபதாவது வர்றேன்?”

“அவங்க அதைச் சிக்கனமா செலவு பண்றாங்க. நீங்க வாரி இறைக்கிறீங்க. நம்பர் தானா மலை ஏறாது தம்பி, நீங்கதான் ஏறணும்.”

மச்சினன் இந்தப் பதிலைக் கேட்கவே இல்லை. ‘முதல் தரத்துக்குக் கிட்ட’ என்பதை மட்டும் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டான்.

அடுத்து கடைசியார் ஏறினார். முகமூடிக்குள் அவருடைய மூச்சு கடலோரத்துச் சத்தமாகக் கேட்டது. மேடு மெல்ல உயர்ந்தது. அவர் கண்கள் அரைவாசி மூடின. பத்து நிமிடம், இருபது, நாற்பது. இதயம் நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறில் போய் நின்று, அங்கேயே குடியிருந்தது. பேராசிரியை வேகத்தைக் கூட்டக் கை வைத்தார். இவர் முகமூடியைச் சற்றே தூக்கிக் கேட்டார்.

“மேடம், இது எந்த மாடியில நிக்கும்?”

“நிக்காது சார். நீங்க ஓடணும். முடியலைங்கற வரைக்கும்.”

“எனக்கு முன்னாடி யாரும் இல்லையே மேடம். யார் பின்னாடி ஓடறது?”

விளக்கிப் பார்த்தார்கள். வேகம் கூடினால் அவர் மரியாதையாகப் பின்வாங்கி இறங்கிவிட்டார். முன்னே ஒரு மனிதர் இல்லாத இடத்தில் வேகத்துக்கு அர்த்தம் இருப்பதாக அவருக்குப் படவில்லை. அவருக்கான படிவத்தில் ‘தரம்’ என்ற கட்டத்தில் பேராசிரியை வெகுநேரம் பேனாவை வைத்திருந்து, கடைசியில் ‘வகைப்படுத்த இயலவில்லை’ என்று எழுதினார்.

அன்றைக்குப் பெண்களில் ஒருவர் வழக்கம்போல மறந்துவிட்டார். பேராசிரியையின் பார்வை ஃப்ளாஸ்க் மேல் விழுந்தது.

“நீங்க மலை ஏறுவீங்களாம்மா?”

“ஆறு மாடி ஏறுவேன்.”

கண்ணாடிக் கடைச் சீருடையோடு, ஆய்வுக்கூடத்து இரவல் ஷூவை மாட்டிக்கொண்டு அவர் ட்ரெட்மில்லில் ஏறினார். முகமூடியின் ஆவியில் கண்ணாடி வெள்ளையாகிப் போனது. மேடு உயர உயர அவர் காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிறவரைப்போலப் போய்க்கொண்டே இருந்தார். எண் நடுத் தரத்துக்காரிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பேராசிரியைக்கு மகிழ்ச்சி. பிறகு பலகையிலிருந்து இறங்கும் சோதனை, தொடையின் தாங்குசக்திச் சோதனை எல்லாம் வைத்தபோது அந்த மகிழ்ச்சி குழப்பமானது. எட்டாவது முறை இறங்குவதற்குள் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

“ஏற்றத்துல நுரையீரல் பேசும், இறக்கத்துல தொடை பேசும்” என்றார் பேராசிரியை. “ரெண்டும் கூடப்பொறந்த மாதிரி சேர்ந்துதான் வளரும். உங்க உடம்புல ஏறுறது ஒரு ஆள், இறங்குறது வேற ஆள். எப்படிம்மா இது?”

கடைசியார் மூலையில் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. பதினாறு வருடம், தினம் இரண்டு தடவை, ஆறு மாடி ஏற்றம். இறக்கம் முழுக்க லிஃப்டில். வேறு கம்பெனியின் சோம்பேறி மோட்டார் ஒன்று தன் மனைவியைப் பாதி மட்டும் ஓட்டக்காரியாகச் செய்து வைத்திருக்கிறது. அன்று வீடு திரும்பும்போது அந்த லிஃப்டின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். அது காலியாக மேலே போய்க்கொண்டிருந்தது.

அவர் சமையலறைக்குள் வந்தபோது மனைவி ஃப்ளாஸ்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருஷம் நான் ஓடப்போறேன்.”

“எங்க?”

“உங்களுக்கு முன்னாடி.”

கடைசியார் நாற்காலியில் உட்கார்ந்தார். “முப்பத்தெட்டு கிலோமீட்டர்மா. ஒம்பது மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் வளைவைப் பிரிச்சுடுவாங்க.”

“எனக்கா சொல்றீங்க? பிரிக்கும்போது கம்பத்தைப் பிடிச்சுக்கறதே நான்தானே.” குழாயை மூடினார். “அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு அம்மா மூணு நிமிஷம் பிந்தி வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அவங்க பின்னாடியே வந்து நேரா நாடாவை எண்ணப் போயிட்டீங்க. அந்தம்மா வளைவு இருந்த இடத்துல, ரெண்டு குழிக்கு நடுவுல வந்து நின்னாங்க. நான் காபி கொடுத்தேன். குடிச்சுட்டு, இதுதானே வாசல்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவ்வளவுதான். பத்தொம்பது வருஷமா இந்தப் பக்கமே நின்னு பார்த்தாச்சு. வளைவு நிக்கும்போதே அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை நான் உள்ள வரணும்.”

“வரலாம்.”

“எனக்காகன்னு நீங்க தனியா ஒண்ணும் செய்யக் கூடாது. மத்தவங்களுக்கு என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க.”

“மத்தவங்க சொல்ற கதையைக் கேட்பேன்.”

“உங்களுக்குத் தெரியாத கதை என்கிட்ட ஏது?”

மறுநாளிலிருந்து மனைவி லிஃப்டைத் தொடவில்லை. முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினார். கடையில் ஸ்டூலில் உட்காரும்போது ‘ஹா’ என்று ஒரு சத்தம் வந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் மூக்கைப் பற்றிய அபிப்பிராயம் என்று நினைத்து வருந்தினார்கள். மச்சினன் நான்கு நிறத்தில் ஓர் அட்டவணை போட்டுக்கொடுத்தான். அதில் அவர் ரொட்டி மடித்துக்கொண்டு போனார். விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஏறினார், இறங்கினார். பத்து மாதத்தில் தொடை பேசக் கற்றுக்கொண்டது. ஆனால் இன்னும் திக்கித் திக்கித்தான்.

ஓட்டத்தன்று விடியலில் முன்னூற்றுச் சொச்சம் பேர் கிளம்பினார்கள். கடைசியார் ஆரஞ்சுச் சட்டையோடு எல்லோரையும் அனுப்பிவிட்டு, முதல் நாடாவை அவிழ்த்தார். பத்தொன்பது ஆண்டில் அவர் சுவடு சுவடாக அறிந்த மலை. கடைசி ஆளுக்கு மட்டும் கிடைக்கிற மலை அது. முன்னூறு பேரின் காலடி ஓய்ந்த பிறகு புல் மெல்ல நிமிரும். பயந்து ஒளிந்த பறவை, ‘போய்விட்டார்களா’ என்று ஒரு தடவை கேட்கும். மிதிபட்ட சேறு தண்ணீரைத் திரும்ப வரவழைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் நடுவே, ஊரில் யாரிடமும் சொல்லாததைக் கடைசி ஓட்டக்காரர் அவரிடம் சொல்லிக்கொண்டு போவார். முகம் பார்க்க வேண்டாமே. அன்றைக்கும் ஒரு பல் வைத்தியர் தனக்கு ரத்தத்தைக் கண்டால் பயம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கடைசியாரின் ஒரு காது மேலே எங்கோ இருந்தது. முதல் ஏற்றத்தில் அவர் மனைவி முப்பது பேரைத் தாண்டிக் கண்ணுக்கு எட்டாமல் போயிருந்தார்.

ஏற்றத்தில் அவர் தாண்டியவர்களெல்லாம் இறக்கத்தில் அவரைத் திருப்பித் தாண்டினார்கள். அடுத்த ஏற்றத்தில் அவர் மறுபடி. கொடுக்கல் வாங்கல் மாதிரி இது ஏழு மணி நேரம் நடந்தது. ஆனால் மலைக்கு ஒரு நியாயம் உண்டு. கடைசியில் இருப்பது இறக்கம்தான். நேரம் குறிக்கிற நீர்த்தொட்டிச் சாவடிக்குக் கடைசியார் வந்தபோது, பல் வைத்தியர் கூடத் தாண்டிப் போய்விட, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. மார்பில் எண் 214. அவர்தான் கடைசி ஓட்டக்காரர்.

இனி நடந்ததைச் சங்கத்தின் பதிவேடு இப்படிச் சொல்கிறது: எண் 214, நீர்த்தொட்டிச் சாவடி, ஏழு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம். அதே எண், முடிவு வளைவு, எட்டு மணி நேரம் ஐம்பத்தாறு நிமிடம். கடைசி ஆள், எட்டு மணி நேரம் ஐம்பத்தேழு நிமிடம். எல்லாம் விதிப்படி. வளைவு நின்றுகொண்டிருந்தது. நூற்றுப் பத்தொன்பதாவதாக வந்து, காபி ஊற்றும் பொறுப்பை ஏற்றிருந்த மச்சினன் அதைத் தன் கால்மேலேயே ஊற்றிக்கொண்டான். செயலாளருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அவிழ்த்த நாடாக்கள் கடைசியாரின் பையில் பாதிதான் இருந்தன. மீதி, எண் 214-இன் இரண்டு சட்டைப் பைகளிலும் பிதுங்கிக்கொண்டிருந்தன. கேட்டதற்கு அந்த அம்மாள், “வழியில கிடைச்சுது” என்று சொல்லிவிட்டுத் தன் கணவர் வந்த திசையைப் பார்த்தார். கணவர் கடைசித் திருப்பத்தில் வெகுநேரம் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்ததாகத் தெரிகிறது.

பதிவேட்டுக்குத் தெரியாதது இந்த ஐந்தரை கிலோமீட்டர்.

சாவடியை விட்டு இருநூறு அடி இறங்குவதற்குள் மேகம் வந்துவிட்டது. சத்தமில்லாமல், யாரையும் கேட்காமல், பால் கலந்த தண்ணீர் மாதிரி மலையை நிரப்பியது. மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. நாடாக்கள் எங்கோ மிதந்தன. மனைவியின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது, துடைத்தார், படர்ந்தது, துடைத்தார். கழற்றிப் பார்த்தார், அது இன்னும் மோசம். தொடை நடுங்கியது. ஒரு காலை நீட்டித் தரை இருக்கிறதா என்று தடவி, பிறகு அடுத்த காலை.

“வலது பக்கம் கல்லு” என்றார் கடைசியார் பின்னாலிருந்து.

“எங்க?”

“இப்பத் தாண்டிட்ட.”

“இடது பக்கம் பள்ளம்.”

“இறங்கிட்டேன்.”

பின்னாலிருந்து வருகிற எச்சரிக்கை எப்போதும் ஒரு அடி தாமதம். கால்மணி நேரத்தில் முக்கால் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. இப்படிப் போனால் கீழே இரண்டு குழிகள்தான் காத்திருக்கும். கடைசியாருக்குக் கணக்குத் தெரிந்தது. மனைவிக்கும் தெரிந்தது.

கடைசியார் பாதையை விட்டு விலகி, புதருக்குள் புகுந்து, மனைவிக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தை மனைவி பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தார்.

“என்ன பண்றீங்க?”

“வழி காட்டறேன்.”

“முந்திட்டீங்களே.”

“இது முந்தறது இல்ல. எதிர்ல வர்றது.”

பத்தொன்பது ஆண்டுப் பெருமையை முதுகோடு சேர்த்துப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பதினோரு அடி அப்படி நடந்தார். பன்னிரண்டாவது அடியில் ஒரு பாறை அவரை உட்கார வைத்தது.

மேகத்துக்குள் மனைவியின் சிரிப்பு, எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் வந்தது.

“எழுந்திரிங்க. திரும்பி நடங்க. நான் உங்க முதுகைப் பார்க்காததா? வீட்டுல தினம் பார்க்கற முதுகுதானே.”

“அது வேற. வீட்டுல நீ ஓட்டக்காரி இல்லையே.”

“இங்க?”

கடைசியார் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் முகம் தெளிவாகத் தெரியவில்லை. மார்பில் நான்கு ஊசி குத்திய எண் மட்டும் வெள்ளையாக, ஈரமாகத் தெரிந்தது. முட்டி வரைக்கும் சேறு. நடுங்குகிற தொடை. முப்பத்திரண்டு கிலோமீட்டர் தாண்டியவர்களுக்கு வருகிற, காய்ந்த உப்புக் கோடு நெற்றியில். மூன்று தரத்தாரையும் பத்தொன்பது ஆண்டுகள் பார்த்த கண்ணுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். திரும்பினார்.

ஒரு கை தூரத்தில், ஆவி படர்ந்த கண்ணாடி வழியாகக்கூடத் தெரிகிற அளவுக்கு, ஆரஞ்சு நிறம் கீழே நகரத் தொடங்கியது. அது வளைந்தால் பாதை வளைகிறது என்று அர்த்தம், தாழ்ந்தால் பள்ளம். சாண் உயர எழுத்துகளை அவர் மனைவி, கடையில் பலகையைப் படிக்கச் சொல்லும் அதே நிதானத்தோடு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

“இவருக்கு. பின்னால். யாரும். இல்லை.”

கடைசியார் அடுத்த மரத்தில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினார். அந்தக் கையிலிருந்து நாடாவை ஒருவர் வாங்கிக்கொண்டார்.